வாசகர் சொன்ன குறைகளில் எதைத் திருத்துவது, எதை விடுவது? (கறுப்பு-வெள்ளை காமிக்ஸ், 2ஆம் பாகத்துக்கு முன்)

கோடுகிழிப்பான்:

வணக்கம். 32 பக்கக் கறுப்பு-வெள்ளைச் சாகசக் கதை. முதல் பாகம் அச்சாகி வாசகர் கைக்குப் போயாச்சு, போன்ல படிக்கவும் பக்கங்களைக் கொடுத்தாச்சு. ரெண்டாம் பாகத்துக்கு ஸ்கிரிப்ட் தயார், பென்சில் இன்னும் தொடங்கலை. அதுக்கு முன்னாடி வந்திருக்கிற கருத்துகளை வச்சு என்ன மாத்தணும்னு முடிவு பண்ணணும்.

வேலை முறை: ஏ3 பிரிஸ்டல் போர்டுல (வழவழப்பான தடிச்ச அட்டை) பென்சில், 0.1, 0.3 பேனாவுல இங்க், கறுப்பு நிரப்ப பிரஷ். ஸ்கேன் பண்ணின பிறகு சாம்பல் டோனும் (நிழல் பூச்சு) வசன பலூனும் கம்ப்யூட்டர்ல. அச்சு அளவு ஏ5. பக்கத்துக்கு 6 முதல் 8 கட்டம்.

திரும்பத் திரும்ப வந்த குறைகள்:

"அண்ணன் யாரு, தம்பி யாருன்னே தெரியலை."
"14ஆம் பக்கச் சண்டையில யார் யாரை அடிக்கிறாங்க?"
"ராத்திரிக் காட்சி எல்லாம் ஒரே கரி."
"பாதிக் கட்டத்துல பின்னணியே காணோம், சோம்பேறித்தனம்."
"படம் பழைய பாணி."

கடைசியா இருக்கிறதைத்தான் அதிகம் பேர் சொன்னாங்க. எதை வேலையோட எந்த நிலையில சரி பண்றது? எதைக் காதுல போட்டுக்காம விடலாம்?


மைக்கூடு:

எத்தனை பேர் சொன்னாங்கங்கிற கணக்கை ஓரமா வைங்க. எந்தப் பக்கம், எந்தக் கட்டம்னு விரல் வச்சுக் காட்ட முடியுற குறைக்குத்தான் முதல் மரியாதை. "பழைய பாணி"க்குப் பக்க எண் கிடையாது, "ராத்திரி கரி"க்கு உண்டு. ஆனா வாசகர் "படம் கரி"ன்னு சொன்னா கோளாறு பெரும்பாலும் படத்துல இருக்காது. அதுக்கு முந்தின வேலையிலயோ பிந்தின வேலையிலயோ இருக்கும்.

உங்க கணக்கையே பாருங்க. ஏ3 அகலம் 297 மி.மீ., ஏ5 148. எல்லாமே சரிபாதியா சுருங்குது. 0.1 பேனாக் கோடு அச்சுல 0.05 மி.மீ. ஆஃப்செட் அச்சுல நம்பிப் போடக்கூடிய மெல்லிசுக் கோடு கால் பாயின்ட், அதாவது சுமார் 0.09 மி.மீ. அதுக்குக் கீழ போனா பாதிக் கோடு காணாமப் போகும், மீதி திட்டுத்திட்டா நிக்கும். இந்தச் சுருக்கத்துக்கு 0.2க்குக் கீழ பேனாவே எடுக்காதீங்க. கோட்டை விடக் கோட்டுக்கு நடுவுல இருக்கிற வெள்ளைதான் பெரிய தலைவலி. குறுக்குக்கோடு போட்டு நிழல் தட்டும்போது இடைவெளி போர்டுல 0.5 மி.மீ.க்குக் குறைஞ்சா, மை பரவி அந்த இடுக்குதான் முதல்ல அடைபடும்.

அடுத்தது சாம்பல். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், சாம்பலா அச்சாகிற புள்ளி விரியும். திரையில 50% வச்ச டோன் தாள்ல 70% பக்கம் போய் நிக்கும். திரையில 70%ல அழகா இருந்த ராத்திரி வானம் அச்சுல கறுப்பாயிடும், அதுமேல நீங்க தட்டின கோட்டு நிழல் அத்தனையும் முழுகிடும். 15, 30, 45 இந்த மூணு டோன் போதும். அதுக்கு மேல வேணும்னா சுத்தக் கறுப்புக்குப் போயிடுங்க.

சொல்லப்போனா சாம்பல் பூசினா ராத்திரி வராது. பெரிய கறுப்புத் திட்டும் அதை வெட்டி நிக்கிற வெள்ளை விளிம்பும் இருந்தாலே வந்துடும். தோள் மேல, கன்னத்து ஓரம், சுவர் முனையில 2 மி.மீ. வெள்ளை விட்டுட்டு மீதியைப் பிரஷ்ல நிரப்புங்க. எது கறுப்பு, எது வெள்ளைங்கிறதைத் தம்ப்நெயில்லயே (பக்கத்தோட குட்டி முன்வரைவு), தீப்பெட்டி அளவுலயே முடிவு பண்ணிடணும். பென்சில் முடிச்ச பிறகு யோசிச்சா கை தயங்கும், தயங்கின இடத்துல எல்லாம் சாம்பல் வந்து உக்காரும்.

ஸ்கேன் வரிசை: ஏ3-யை 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) கிரேஸ்கேல்ல எடுங்க. சின்னதாக்கும்போது பிக்சலைக் குறைக்காம அளவை மட்டும் ஏ5 ஆக்கினா அதுவே 1200 டி.பி.ஐ. ஆயிடும். அழுக்கெல்லாம் துடைச்ச பிறகு த்ரெஷோல்ட் போட்டு, அதாவது சாம்பலே இல்லாம கறுப்பு இல்ல வெள்ளைன்னு பிரிச்சு, ஒரு பிட் கோப்பா மாத்துங்க. டோன் எல்லாத்துக்கும் கடைசி, அச்சு அளவுக்கு வந்த பிறகு தனி லேயர்ல. புள்ளி டோன் போட்ட பக்கத்தைப் பெருசு சின்னது பண்ணினா அலை அலையா மொய்ரே வரும். போன்ல பாத்து "கரி"ன்னு சொன்னவங்க இதைத்தான் பாத்திருப்பாங்க. போனுக்குத் தனிக் கோப்பு போடுங்க, அதுல புள்ளி வேண்டாம், தட்டையான சாம்பல் போதும்.

ரப்பர் விஷயம் ஒண்ணு இருக்கு. பென்சிலை அழிக்கும்போது மையும் மேலாக உரிஞ்சு வெளுக்கும். கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரியும், த்ரெஷோல்ட் போட்டதும் கோடு அறுந்து அறுந்து வரும். அழிச்ச பிறகு மெல்லிசுக் கோடுகளை ஒருதரம் மறுபடி ஓட்டணும். இல்லேன்னா வெளிர்நீலப் பென்சில்ல வரைஞ்சு, கலர்ல ஸ்கேன் பண்ணி நீலத்தை மட்டும் நீக்கிடுங்க. அழிக்கிற வேலையே மிச்சம்.


ஆறுகட்டம்:

14ஆம் பக்கத்துல கட்டங்களை எப்படி அடுக்கியிருக்கீங்க? யார் எந்தப் பக்கம் நிக்கிறாங்க? அது தெரியாம சண்டையைப் பத்திப் பேச முடியாது.


கோடுகிழிப்பான்:

மேல்பாதியில இடப்பக்கம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு சின்னக் கட்டம், வலப்பக்கம் அந்த ரெண்டு உயரத்துக்கும் சேத்து ஒரு நெட்டைக் கட்டம். கீழ்ப்பாதியில வரிசையா மூணு. முதல் கட்டத்துல அண்ணன் இடது, வில்லன் வலது. நெட்டைக் கட்டத்துல கோணம் மறுபக்கம் போயிடுது, அண்ணன் வலது. கீழே மூணும் குத்து விழுற நொடி, குளோசப். ரெண்டு பேருக்கும் கறுப்புக் கோட்டு (மேலங்கி).


ஆறுகட்டம்:

போதும். நாலு கோளாறும் ஒரே பக்கத்துல இருக்கு.

முதல்ல அடுக்கு. முதல் கட்டத்தைப் படிச்சு முடிச்சவர் கண்ணு கீழ இறங்கணுமா, வலப்பக்கம் நெட்டைக்குப் போகணுமா? பலர் சரியா இறங்குவாங்க, சிலர் நெட்டைக்குத் தாவிட்டுத் திரும்பி வருவாங்க. சண்டையில ஒருதரம் திரும்பி வந்தாலே வேகம் போச்சு. நெட்டைக் கட்டத்தை இடப்பக்கம் வச்சு, சின்னது ரெண்டையும் வலப்பக்கம் அடுக்கினா குழப்பமே வராது. கதை கேக்குற வரிசைக்கு அது ஒத்து வரலைன்னா, சின்னக் கட்டம் ரெண்டுக்கும் நடுவுல சந்து 2 மி.மீ., அவைகளுக்கும் நெட்டைக்கும் நடுவுல 5 மி.மீ. விடுங்க. முதல் கட்டத்துப் பலூன் ஒண்ணு கீழ்க்கட்டத்து மேல கொஞ்சம் இறங்கி உக்காரட்டும். கண்ணு பலூனைப் பிடிச்சுக்கிட்டே இறங்கும்.

ரெண்டாவது, கோணம். ரெண்டு பேரையும் சேக்கிற மாதிரி தரையில ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்கோங்க. அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமா நின்னுதான் எல்லாக் கட்டத்தையும் பாக்கணும். சினிமாவுல கேமரா நகர்ந்து மறுபக்கம் போறது கண்ணுக்குத் தெரியும், தாள்ல தெரியாது. மறுபக்கம் போயே ஆகணும்னா நடுவுல தலைக்கு மேலிருந்து பாக்கிற கட்டமோ, ஒருத்தன் நேரா நம்மளை நோக்கி வர்ற கட்டமோ ஒண்ணு வைங்க. அதுல இடது வலதே கிடையாது, அதனால அடுத்த கட்டத்துல பக்கம் மாறலாம்.

மூணாவது, நொடி. குத்து விழுற நொடியையே மூணு தரம் வரைஞ்சிருக்கீங்க. அடிக்கிறது யாருன்னு சொல்றது ஓங்குற நொடி, அடி வாங்கினது யாருன்னு சொல்றது விழுந்த பிறகு வர்ற நொடி. முழு உருவமும் பாதமும் தரையும் தெரியுற ஒரு அகலக் கட்டம், அடுத்து முழங்கை பின்னால போய் எடை பின்கால்ல இருக்கிற ஓங்கல், அடுத்து குத்து, அடுத்து விழுறவன். குத்து இடமிருந்து வலம் போனா உடம்பும் வலப்பக்கமே சாயணும். படிக்கிற திசையிலயே அடி போனா வேகமாத் தெரியும், எதிர்த்திசையில போனா கனமா, தடை இருக்கிற மாதிரி தெரியும். இதைத் தெரிஞ்சு பயன்படுத்தினா நல்லது, தெரியாம நடந்தா குழப்பம்.

நாலாவது, அந்த மேலங்கி. அதைப் பத்திச் சொல்லவே வேண்டியதில்லை. குளோசப்ல கையும் தோளும்தான் தெரியும், ரெண்டும் கறுப்பு. வில்லனோட மேலங்கியை வெள்ளையா விடுங்க, இல்ல சண்டைக்கு முந்தின பக்கத்துலயே கழட்ட வைங்க.

இதையெல்லாம் அச்சுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு வழி: பலூன் இல்லாத பென்சில் பக்கத்தை, ஸ்கிரிப்ட் படிக்காத ஒருத்தர் கையில கொடுங்க. விரல் வச்சு வாய்விட்டுக் கதை சொல்லச் சொல்லுங்க. விரல் நிக்கிற கட்டத்தை மட்டும் குறிச்சுக்கோங்க. நடுவுல "இல்லைங்க, அது என்னன்னா"ன்னு நீங்க வாயைத் திறந்தா சோதனை கெட்டுச்சு. "எப்படி இருக்கு"ன்னும் கேக்காதீங்க, "நல்லா இருக்கு"ன்னுதான் பதில் வரும்.


பலூன்பாண்டி:

பலூனைக் கடைசியிலயா போடறீங்க? வம்பே அதுதான். எழுத்து கம்ப்யூட்டர்ல போகட்டும், ஆனா பலூனுக்கு இடம் தம்ப்நெயில்லயே ஒதுக்கணும்.

கட்டத்துல முதல்ல பேசறவன் இடப்பக்கம் நிக்கணும். வலப்பக்கம் நிக்கிறவன் முதல்ல பேசினா பலூன் வால் ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டும், இல்ல பதிலை முதல்ல படிச்சிட்டுக் கேள்விக்கு வருவாங்க. சில சமயம் "யார் பேசறாங்கன்னு தெரியலை"ங்கிற குறையே "முகம் ஒரே மாதிரி இருக்கு"ன்னு மாறி வரும். அண்ணன்-தம்பி விஷயத்துல இதையும் ஒருதரம் பாருங்க. வால் வாயைப் பாத்துப் போகணும், வாய்க்கும் பலூனுக்கும் பாதித் தூரத்துல நிக்கணும். நெத்தியைக் குத்தக் கூடாது.

கட்டத்தோட மேல் மூணுல ஒரு பங்கைக் காலியா விடுங்க. அங்க உசுரைக் கொடுத்து ஜன்னல், தூண், ஓடு எல்லாம் வரைஞ்சு கடைசியில பலூனை வச்சு மூடினா, வாசகர் பின்னணி இல்லைன்னுதான் சொல்வார். அவர் மேல தப்பில்லை.

தமிழ் எழுத்துக்குன்னு சில கணக்கு இருக்கு. மேல கொக்கி, கீழ வால் ரெண்டும் இருக்கிறதால வரி இடைவெளி எழுத்து அளவுல 130%ஆவது வேணும், இல்லேன்னா மேல்வரி "கு"வோட வால் கீழ்வரி "கி"யோட கொக்கியில இடிக்கும். சொல்லும் நீளம். "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" மாதிரி ஒண்ணு வந்தா ஒடுக்கமான பலூன் தாங்காது. பலூனை அகலமா, மூணு நாலு வரிக்குள்ள வைங்க. இங்கிலீஷ் காமிக்ஸ்ல கட்டத்துக்கு 35 சொல்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அதை அப்படியே எடுத்துக்காதீங்க. தமிழ்ல 20 தாண்டினாலே படம் மூச்சுத் திணறும். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லை போல்டு ஆக்கினா "ண", "ஞ" சுழி எல்லாம் அடைஞ்சு போகும், அதுக்குப் பதிலா ஒரு பாயின்ட் பெருசாக்குங்க.

ஏ5 அச்சுல 8 பாயின்டுக்குக் கீழ போகாதீங்க. அதே பக்கம் போன்ல 70 மி.மீ. அகலத்துக்கு வந்தா எழுத்து 4 பாயின்டுக்கும் கீழ. யாரும் படிக்க மாட்டாங்க. போனுக்குப் பக்கத்தை மேல்பாதி, கீழ்ப்பாதின்னு வெட்டிக் கொடுங்க. அதுக்கு வசதியா பக்கத்தோட நடுவுல ஒரு நேர்ச்சந்து இருக்கிற மாதிரி லேஅவுட் போடணும். உங்க 14ஆம் பக்கம் அந்த வகையில தப்பிச்சுது.

பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல "கொ", "கெ" எல்லாம் கொம்பு இடம் மாறி உடைஞ்சு வந்தா எழுத்துரு மேல பழி போடாதீங்க. பத்தி அமைப்புல வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தா சரியாகும். அச்சுக்கு அனுப்பும் கோப்புல எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவக் கோடு) ஆக்கிட்டா அங்க போய் உடையற பயமும் இல்லை. மூலக் கோப்பைத் தனியா வச்சுக்கோங்க, பிழை திருத்த அதுதான் வேணும்.


பழையபுத்தகம்:

வாசகர் பக்கத்திலிருந்து மூன்று விஷயங்கள்.

முகக் குழப்பத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். 1948-இல் ஆரேலியோ கலெப்பினி வரையத் தொடங்கிய இத்தாலிய காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரைப் பிறகு ஜொவானி டிச்சி, கிளாடியோ வில்லா, ஃபாபியோ சிவிடெல்லி என்று எத்தனையோ பேர் வரைந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் டெக்ஸின் முகம் மாறுகிறது. "இவர் வரைந்தால்தான் டெக்ஸ்" என்று வாசகர்கள் சண்டையும் போடுகிறார்கள். ஆனால் டெக்ஸையும் அவருடைய கூட்டாளிகளான கார்சனையும் டைகரையும் குழப்பிக்கொண்டதாக யாரும் புகார் சொல்வதில்லை. கார்சனுக்கு நரைத்த மீசையும் குறுந்தாடியும், டைகருக்கு நீண்ட கருங்கூந்தலும் தலைக்கட்டும். உள்பக்கங்கள் கறுப்பு-வெள்ளை என்பதால் நிறத்தின் உதவி இல்லாமலே, தூரத்துக் கட்டத்தில் விரல்நக அளவு உருவமாக இருந்தாலும் ஆளைச் சொல்லிவிடலாம்.

உங்கள் சகோதரர்களுக்கும் அதையே செய்யுங்கள். ஒருவர் தலைமுடி முழுக் கறுப்பு, மற்றவருக்கு வெறும் வெளிக்கோடு. உயரத்தில் அரைத் தலை வித்தியாசம். ஒருவர் நிமிர்ந்து நிற்பவர், மற்றவர் தோள் தொங்கியவர். இவை தூரக் காட்சிக்கு. குளோசப்பில் மூக்கும் தாடையும்தான் பேசும்: ஒரு சதுரத் தாடை, ஒரு கூர்த் தாடை. ஒரே குடும்பச் சாயல் வேண்டுமென்றால் புருவத்தை மட்டும் பொதுவாக வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாடல் ஷீட் தேவை. நேர், முக்கால், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய நான்கோடு, மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் இரண்டு கோணங்கள். பலர் கடைசி இரண்டை விட்டுவிடுவார்கள், முகம் மாறிப்போவதும் பெரும்பாலும் அந்தக் கோணங்களில்தான். இங்க் செய்யும்போது பக்கவாரியாகப் போகாமல், ஒரே ஆளின் தலைகளை ஆறேழு பக்கங்களுக்குச் சேர்த்து ஒரே அமர்வில் முடித்தால் முகம் நழுவாது. பென்சிலை லைட் பாக்ஸில் (அடியில் விளக்குள்ள பலகை) கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாகப் பாருங்கள். ஒரு கண் இறங்கியிருப்பது உடனே தெரியும்.

"பழைய பாணி" என்பதை விட்டுவிடுங்கள். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் பென்சில்மீது வின்ஸ் கொலெட்டா இங்க் செய்ததைப் பற்றி வாசகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் இரண்டு குற்றச்சாட்டுகள் கலந்து கிடக்கின்றன. கெடுவுக்குள் முடிக்க, கிர்பி வரைந்திருந்த உருவங்களையும் பின்னணிகளையும் அழித்தார் என்பது ஒன்று. பென்சில் பக்கத்தின் நகல் இருந்தால், அச்சுப் பக்கத்தோடு வைத்து யாரும் சரிபார்க்கலாம். அவருடைய மெல்லிய கீறல் கோடு கிர்பிக்குப் பொருந்தவில்லை என்பது இன்னொன்று. இருவரும் சேர்ந்து செய்த தோர் கதைகளின் புராணச் சாயலுக்கு அந்தக் கோடுதான் பொருந்தியது என்பவர்களும் இருக்கிறார்கள். முதலாவது குறை, இரண்டாவது ருசி. உங்களுக்கு வந்த கருத்துகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். 1988-இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் கதைக்கு 2008 பதிப்பில் ஓவியர் பிரையன் பொலன்டே புது வண்ணம் கொடுத்தார். வரைந்தவரே செய்தும் வாசகர் இரண்டு கட்சி. ஜான் ஹிக்கின்ஸின் பழைய வண்ணமே மேல் என்பது என் கட்சி.

பின்னணி விஷயத்தில் வாசகர் சொல்வது சரியில்லை. எல்லாக் கட்டத்திலும் பின்னணி இருந்தால் பக்கம் மூச்சு முட்டும். காட்சியின் முதல் கட்டத்தில் முழுதாகக் கொடுங்கள், அதன்பின் பக்கத்துக்கு ஒன்று போதும்.


ஆறுகட்டம்:

கடைசிப் பத்தியில மட்டும் ஒத்துப்போக மாட்டேன் சார். எத்தனை கட்டம் காலிங்கிறதை விட எந்தக் கட்டம் காலிங்கிறதுதான் பிரச்னை. ரெண்டு பேர் உக்காந்து பேசறாங்க, இடம் மாறலை, அங்க காலியா விட்டா யாருக்கும் உறுத்தாது. எழுந்து நடந்து இன்னொரு மூலைக்குப் போறாங்க, அந்தக் கட்டம் காலின்னா அவங்க எங்க நிக்கிறாங்கன்னே தெரியாது. ஆள் நகர்ற ஒவ்வொரு கட்டத்துலயும் முதல் கட்டத்துல காட்டின ஒரு பொருளாவது வரணும். கதவு, மேசை முனை, விளக்கு, எதுவானாலும். வாசகர் "சோம்பேறித்தனம்"னு சொன்னது அந்தக் கட்டங்களைப் பாத்தா இருக்கும்.

காலியா விடறதுலயும் வகை இருக்கு. அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வாலி வுட்டோட, 22 மாதிரிக் கட்டங்களை ஒட்டி வச்ச தாள் இன்னிக்கும் சுத்திக்கிட்டிருக்கு, எடுத்துப் பாருங்க. முழு நிழலுருவம், பெரிய தலை, முன்னால ஒரு பொருள் பின்னால சின்ன ஆள்னு, பின்னணி வரையாமலே கட்டத்தை நிரப்பற வழிகள் அதுல நிறைய இருக்கு.


பழையபுத்தகம்:

ஆள் நகரும் கட்டம் என்ற கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன்.


கோடுகிழிப்பான்:

எல்லாருக்கும் நன்றி. 14ஐத் திரும்பப் பாத்தேன், பின்னணி காலியா இருக்கிறதும் ஆள் நகர்ற கட்டங்கள்லதான். ஒரு கேள்வி: முதல் பாகம் மறுபதிப்பு வந்தா அதுல எவ்வளவு தொடலாம்? 0.1 கோட்டை எல்லாம் மறுபடி இங்க் பண்ண நேரம் இல்லை.


மைக்கூடு:

மறுபடி இங்க் பண்ண வேண்டாம். 1200 டி.பி.ஐ.ல ஒரு பிக்சல் சுமார் 0.02 மி.மீ. த்ரெஷோல்டுக்கு முன்னாடி ஃபோட்டோஷாப்ல மினிமம் ஃபில்டரை 1 பிக்சல் வச்சு ஓட்டினா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 0.02 கூடும். 0.05 கோடு 0.09 ஆயிடும், கால் பாயின்ட் கணக்குக்கு வந்துடும். ஆனா பக்கம் முழுக்க ஓட்டாதீங்க, குறுக்குக்கோட்டு நிழல் எல்லாம் அடைபட்டுப் போகும். மெல்லிசுக் கோடு இருக்கிற முகம், கை, துணி மடிப்பு இதை மட்டும் லாசோவுல (இடத்தைச் சுத்தித் தேர்ந்தெடுக்கிற கருவி) சுத்திட்டு ஓட்டுங்க.

தம்பிக்கோ அண்ணனுக்கோ ஒருத்தருக்கு மட்டும் தலைமுடியைக் கறுப்பா நிரப்புங்க, 32 பக்கத்துக்கும் அது ஒரு சாயந்தர வேலை. முகத்தைத் தொடாதீங்க. பாதிப் பக்கம் புது முகம், பாதிப் பக்கம் பழைய முகம்னு ஆனா குழப்பம் கூடும். 14ஆம் பக்கத்தை மட்டும் புதுசா வரையலாம், ஒரு பக்கம்தானே.

டோனை எல்லாம் மாத்துறதுக்கு முன்னாடி, அதே அச்சகத்துல, புத்தகம் போடப்போற அதே தாள்ல ஒரு சோதனைப் பக்கம் போட்டு வாங்குங்க. ஒரு ராத்திரிக் கட்டம், அதுக்குக் கீழ 10% முதல் 60% வரை பத்துப் பத்தா சாம்பல் பட்டை, ஓரத்துல 0.05, 0.09, 0.15 கோடு ஒவ்வொண்ணு. எந்தப் பட்டைக்கு மேல ரெண்டு பட்டையைப் பிரிச்சுப் பாக்க முடியலையோ, அதுக்குக் கீழ உள்ளதை மட்டும் டோனா வச்சுக்கோங்க. தாளை மாத்தினா சோதனையையும் மறுபடி போடணும்.